ஆர்லிங்டனில் ஓர் அயல்நாட்டுச் சேனாதிபதி

போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நடுதல் தமிழ்நாட்டின் மிகப் பழைய வழக்கங்களுள் ஒன்று. கல்லைத் தேர்ந்து காண்பது முதல், நட்டு வாழ்த்துவது ஈறாக, அதற்குரிய முறைகளைத் தொல்காப்பியம் வகுத்துக் கூறுகின்றது. ஆநிரை மீட்கச் சென்று பட்டவனும், அரசன்பொருட்டு அமரில் உயிர் நீத்தவனும் அக்கல்லிற்கு உரியவராயினர். நோயுற்றுப் படுக்கையில் மாய்ந்தவன் எத்துணைப் பெரிய அறிவாளியாயினும் அவனுக்கு வீரக்கல் நடுவாரில்லை. இந்த அளவுகோலைக் கையிற்கொண்டு, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைநகராகிய வாஷிங்டனுக்கு எதிரே, பொட்டோமாக் ஆற்றின் மறுகரையில் உள்ள ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்தினுட் புகுவோமாயின், ஓரிடத்தில் நமக்குத் திகைப்பு உண்டாகும்.

அத்தோட்டம் 1864-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போர் அப்பொழுது நான்காம் ஆண்டை எட்டியிருந்தது. வாஷிங்டன் நகரத்து இடுகாடுகளில் இடம் போதாமற்போகவே, தென்னாட்டுப் படைத்தலைவராகிய ராபர்ட் லீ என்பாருடைய மனைவிக்குரிய பண்ணை நிலத்தை அரசாங்கத்தார் கைக்கொண்டு, மாண்ட வீரரை அங்கே அடக்கஞ் செய்யலாயினர். எதிரியின் வீட்டு முற்றத்தைக் கல்லறை நிலமாக்கிவிட்டால் அவன் மீண்டும் அங்கே குடியேற மனங்கொள்ளான் என்னும் வஞ்சமும் அச்செயலில் ஒருவாறு கலந்திருந்தது. இன்று அறுநூறு ஏக்கருக்கு மேற்பட்ட அந்நிலத்தில் ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் துயில்கின்றனர். ஒரே அளவும் ஒரே நிறமும் உடைய வெண்சலவைக் கற்கள், அணிவகுத்து நிற்கும் சேனையைப்போல, மேட்டிலும் பள்ளத்திலும் வரிசை பிறழாமல் நிற்கும். பழைய பகுதிகளில் செல்வர்கள் எழுப்பிய தூண்களும் மாடங்களும் சில உண்டு. ஆயினும் இவ்வளவு பெரிய தோட்டத்தில், குதிரைமேல் அமர்ந்த வெண்கலச் சிலைகள் இரண்டே.

அவற்றுள் முன்னது பிலிப் கார்னி என்னும் அமெரிக்கப் படைத்தலைவருடையது. இவர் நியூயார்க் நகரத்துப் பெருஞ்செல்வர் குடியிற் பிறந்தவர். பொருளிருந்தும் போரையே விரும்பியவர். பிரான்சு தேசத்துக் குதிரைப்படையாரிடம் பயின்றவர். 1847-ஆம் ஆண்டில் மெக்ஸிக்கோப் போரில் இடக்கையை இழந்தார். அதன்பின் கடிவாள வாரைப் பல்லாற் கௌவிக்கொண்டு வலக்கையில் வாளேந்திப் பொருதார் என்ப. 1862 செப்டம்பர் முதல் நாள், வர்ஜீனியாவில் ஷான்டிலி என்னுமிடத்தில், மழையும் மாலையிருளும் மயங்கிய வேளையில், அறியாது பகைவர் அணிக்குள்ளே குதிரையைச் செலுத்திவிட்டார். சரணடைக என்று அவர்கள் கூவியபோது, குதிரையைத் திருப்பி விரைந்தார், சுட்டு வீழ்த்தப்பட்டார். எதிர்ப்படைத் தலைவராகிய லீயே அவ்வுடலை மரியாதையுடன் திருப்பி அனுப்பினார். நியூயார்க்கில் ஐம்பதாண்டு கிடந்த அவ்வுடல் 1912-ஆம் ஆண்டில் ஆர்லிங்டனுக்குக் கொணரப்பெற்றது. எட்வர்ட் கிளார்க் பாட்டர் என்னும் சிற்பி சமைத்த சிலையை 1914-இல் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்ஸன் திறந்துவைத்தார். கல் நட்ட நம் முன்னோரும் கார்னிக்கு ஒரு கல்லை மறுத்திரார்.

நிற்க. இரண்டாவது சிலையே நம்மைத் திகைக்கச் செய்வது. அதன்மேல் அமர்ந்திருப்பவர் பீல்டு மார்ஷல் சர் ஜான் டில். இவர் அமெரிக்கரல்லர், பிரிட்டிஷ் சேனையைச் சேர்ந்தவர். குதிரைப்படையினருமல்லர், காலாட்படையில் தொடங்கியவர். போர்க்களத்தில் வீழ்ந்தவருமல்லர், வாஷிங்டனில் இரத்தம் ஊறாமற்போகும் நோயால் மருத்துவமனையில் மாண்டவர். இவர் பெயரால் வழங்கும் பெருவெற்றி ஒன்றேனும் இல்லை. பின்னை, அயல்நாட்டார் தம் வீரரெல்லாம் துயிலும் நிலத்தில் இவரை அடக்கஞ் செய்து, தம் சேனாதிபதிகளுக்கே கொடாத குதிரையை இவருக்குக் கொடுத்தது என்னை?

டில் 1881-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் அயர்லாந்தில் லர்கன் என்னும் ஊரிற் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். 1901-இல் லீன்ஸ்டர் ரெஜிமெண்டில் அதிகாரியாகச் சேர்ந்து தென்னாப்பிரிக்கப் போரிலும், பின்னர் முதல் உலகப் போரிலும் பணிபுரிந்தார். படைக்கல்லூரிகளில் கற்பிக்கும் பணியிலும் அவருக்குப் பெயருண்டு. அமைதியும் நேர்மையும் உடையவர், எதனையும் பலகால் எண்ணிச் சொல்பவர் என்று உடனிருந்தோர் அவரைப் பாராட்டுவர். 1940 மே மாதம், பிரான்சு சாய்ந்துகொண்டிருந்த வேளையில், பிரிட்டிஷ் பேரரசின் தரைப்படைத் தலைமை அவரிடம் வந்தது.

பிரதம மந்திரி சர்ச்சிலோ, எண்ணுமுன் துணிய வேண்டும் என்னும் இயல்பினர். நள்ளிரவில் ஒரு திட்டம் எழும். விடியுமுன் அது நடந்திருக்க வேண்டும். படைத்தலைவர் கணக்குக் காட்டித் தடை கூறினால் அதனைக் கோழைமை என்று கொள்வார். ஆகவே டில்லுக்கு ‘டில்லி டாலி’ என்று ஏளனப் பெயரொன்று சூட்டினார். வீணே காலங்கடத்துபவர் என்பது அதன் பொருள். இவ்விருவருள் யார் பக்கம் நியாயம் மிகுதி என்பதை எளிதில் அறுதியிட இயலாது. சர்ச்சிலின் அவசரம் அந்நாளில் ஒரு நாட்டையே நிமிர்த்தி வைத்தது என்பதை யாரும் மறுக்கமாட்டார். டில்லும் பிழையாதவரல்லர், 1941-இன் தொடக்கத்தில் கிரீசுக்குப் படை அனுப்பும் முடிவுக்கு அவரும் இசைந்தார், அம்முயற்சி தோல்வியில் முடிந்தது.

ஆயினும் ஒரு செய்தியைத் தமிழராகிய நாம் அறிந்திருத்தல் தகும். 1941 மே 6-ஆம் நாள் டில் பிரதம மந்திரிக்கு ஒரு குறிப்பு எழுதினார். இங்கிலாந்தின் காவலே முதன்மை. அதற்கடுத்த இடமும் எகிப்துக்கு உரியதன்று. நெருக்கடி முற்றினால் எகிப்தைவிடச் சிங்கப்பூரின் காவலே முந்தியது என்பதே நெடுங்காலம் ஒப்புக்கொள்ளப்பட்ட கொள்கை என்று அதில் நினைவுறுத்தினார். சர்ச்சில் அதனை ஏற்கவில்லை. 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அதன்பின் மலாயாத் தோட்டங்களில் இருந்த நம்மவர் பட்ட பாட்டையும், சயாம்–பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுக் காட்டிலே மடிந்த தமிழ்த் தொழிலாளர் எத்தனை ஆயிரவர் என்பதையும் இங்கே விரிக்க வேண்டுவதில்லை. தஞ்சை, திருச்சி மாவட்டங்களில் அத்துயர் புகாத ஊர்கள் பல என்று சொல்ல இயலாது. டில்லின் சொல்லைக் கேட்டிருந்தால் சிங்கப்பூர் பிழைத்திருக்கும் என்று யாம் கூறவில்லை. அதனைக் காக்கப் போதிய விமானங்களும் கப்பல்களும் அன்று எங்குமே மிகுதியாக இருக்கவில்லை. தலைவர் விரும்பாததை எழுத்தில் வைத்துச் சொல்லும் நெஞ்சுரம் டில்லிடம் இருந்தது என்பதும், அதற்குரிய விலையை அவர் கொடுத்தார் என்பதுமே இங்குக் கருதத்தக்கன.

அவ்விலை விரைவில் கேட்கப்பட்டது. 1941 நவம்பரில் டில்லுக்குப் பீல்டு மார்ஷல் பட்டம் அளிக்கப்பெற்றது. கூடவே தலைமைப் பதவியினின்று விலகுமாறும் கூறப்பட்டது. டிசம்பரில், அவர் அறுபது வயது நிரம்பும் தறுவாயில், அப்பதவி சர் ஆலன் புரூக்குக்குச் சென்றது. டில்லைப் பம்பாய் மாகாணக் கவர்னராக அனுப்புவதாக ஏற்பாடு. அஃதாவது, நம் நாட்டை மூத்த அதிகாரிகளின் இளைப்பாறு மண்டபமாகக் கருதிய பழைய வழக்கம். இடையிலே டிசம்பர் 7-ஆம் நாள் ஜப்பானியர் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கினர். அமெரிக்கா போரில் இறங்கிற்று. சர்ச்சில் கப்பலேறி வாஷிங்டனுக்குப் புறப்பட்டார். புதிய தலைவர் புரூக் லண்டனில் இருந்தாக வேண்டியிருந்தமையால், டில்லை உடன் அழைத்துச் சென்றார். போன டில் திரும்பவில்லை. பிரிட்டிஷ் படைத்தூதுக் குழுவின் தலைவராக அங்கேயே தங்கிவிட்டார். பம்பாய்க்கு வேறொரு கவர்னர் கிடைத்தார்.

அமெரிக்கத் தரைப்படையின் தலைவராக அப்பொழுது விளங்கியவர் ஜார்ஜ் மார்ஷல். (மார்ஷல் என்பது இவருக்குக் குடிப்பெயர், பதவிப்பெயர் அன்று.) இவரும் பேச்சிற் சுருங்கியவர், பொய்யைப் பொறாதவர், எவரையும் அணுகவிடாத தோற்றமுடையவர். இவ்விருவர்க்கும் இடையே முளைத்த நட்பே அச்சிலைக்கு வித்து. இரு தேசத்துப் படைத்தலைவர்களும் கூடியமர்ந்து போரை நடத்தும் கூட்டுக் குழு ஒன்று வாஷிங்டனில் ஏற்பட்டது. கூட்டணி என்று வெளியுலகம் வாழ்த்திய அக்குழுவினுள்ளே உரசல் ஓயவில்லை. ஆங்கிலேயர் மத்தியதரைக் கடற்பக்கத்தையே சுற்றிக்கொண்டிருக்கப் பார்க்கின்றனர் என்பது அமெரிக்கர் ஐயம். அமெரிக்கர் போரறியாது பிரான்சின் கரையில் முட்டிக்கொள்ளத் துடிக்கின்றனர், இன்றேல் பசிபிக் கடலுக்கு ஓடிவிட எண்ணுகின்றனர் என்பது ஆங்கிலேயர் ஐயம். டில் இருபாலாரின் பேச்சையும் மற்றவர்க்கு விளங்குமாறு பெயர்த்துரைத்தார். ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே பெயர்த்தார் எனலாம். லண்டனிலிருந்து தமக்கு வரும் அந்தரங்கச் செய்திகளையும் மார்ஷலுக்குக் காட்டினார். மார்ஷலும் தமக்கு வருவனவற்றை அவரிடம் மறைத்திலர். விதிப்படி பார்த்தால் இருவரும் செய்தது குற்றமே. இருவர் மேலதிகாரிகளும் இதனை முற்றும் அறிந்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்குமோ!

1943 ஜனவரியில் மொராக்கோ நாட்டுக் காசாபிளாங்கா நகரில் மாநாடு கூடிற்று. வாதம் நாட்கணக்கில் நீண்டது. ஒருநாள் புரூக் மனமுடைந்து, இனி இவர்களோடு உடன்பாடு காண்பதற்கில்லை என்று சோர்ந்துவிட்டார். டில் அவரைத் தனியே இருத்தி, எவ்வெவற்றில் இருபாலாரும் முன்னமே ஒத்துவிட்டனர், எஞ்சியவை யாவை, அவற்றுள் எதனை விட்டுக்கொடுக்கலாம், எதனை விட இயலாது என்று ஒவ்வொன்றாகக் கேட்டறிந்தார். பின்னர் நேரே மார்ஷலிடம் சென்றார். அன்று பிற்பகலே உடன்பாடு எழுதப்பட்டது. சிசிலித் தீவின்மேற் படையெடுப்பு அதன்வழி வந்தது. அவ்வறையில் துப்பாக்கி ஒலி கேட்கவில்லை; குதிரையும் கனைக்கவில்லை. ஆயினும் அது கலைந்திருந்தால் போரின் போக்கு வேறாயிருக்கும்.

இத்தகையவரைத் தம் நாட்டார் போற்றினரா எனின், சர்ச்சிலின் மனம் மாறவில்லை. 1943-இன் இறுதியில், டில்லைத் திரும்ப அழைத்துக்கொள்ளும் பேச்சு லண்டனில் எழுந்ததாக மார்ஷல் அறிந்தார். அவர் செய்த உபாயம் கல்லூரிப் பத்திரிகையிற் கூறுதற்கு மிகவும் ஏற்றது. நேரே கடிதம் எழுதித் தடுத்தால் அது அயல்நாட்டு விவகாரத்தில் தலையிடுதலாகும். ஆகவே யேல் பல்கலைக்கழகத்தாரை நாடி, டில்லுக்கு ஹௌலண்டு நினைவுப் பரிசை அளிக்கச் செய்தார். 1944 பிப்ரவரியில் நிகழ்ந்த அவ்விழாவுக்கு வாஷிங்டன் பெரியோர் பலரைத் தாமே அழைத்துச் சென்றார். அமெரிக்கர் இவரை எவ்வளவு மதிக்கின்றனர் என்பது பத்திரிகைகளின் வாயிலாகச் சர்ச்சிலின் செவிக்கு எட்டிற்று. டில் வாஷிங்டனிலேயே நிலைத்தார். பல்கலைக்கழகப் பட்டயங்கள் படைக்கருவிகளாய்ப் பயன்பட்டதற்கு இதனினும் நல்ல சான்று யாம் கண்டிலம்.

ஆனால் அதே ஆண்டு நோய் அவரை வென்றது. 1944 நவம்பர் 4-ஆம் நாள் உயிர் பிரிந்தது. அமெரிக்கப் படைத்தலைவர்கள் சவத்துக்குத் துணை நின்றனர். வாஷிங்டன் தேவாலயத்தில் ஆராதனை முடிந்து, வழிநெடுகப் படைவீரர் நிற்க, உடல் ஆர்லிங்டனை அடைந்தது. அயல்நாட்டுச் சேனாதிபதி ஒருவரை அத்துணைப் பெருமையுடன் அங்கே அடக்கஞ் செய்ததற்கு முன்மாதிரி இல்லை. அவருடைய தொண்டைப் பாராட்டி அமெரிக்கச் சட்டசபைகள் இரண்டும் கூடித் தீர்மானம் நிறைவேற்றின. மார்ஷலுக்கு இவையும் போதவில்லை. கல்லறைமேல் ஒரு சிலை வேண்டும், அதுவும் குதிரைச் சிலையாதல் வேண்டும் என்று அவரும் நண்பர்களும் முயன்றனர்.

குதிரை எதற்கு என்னும் வினாவுக்கு இப்பொழுது வருவோம். டில்லின் உண்மையான போர்க்களம் ஒரு நீண்ட மேசை. சிற்பி நேர்மையாளனாயின், நாற்காலியில் அமர்ந்து, எதிரிலுள்ளவர் சொல்வதைத் தலைசாய்த்துக் கேட்கும் ஒருவரையே வார்த்திருக்க வேண்டும் என்று யாம் எண்ணுவதுண்டு. ஆயினும் சிலைகளுக்கும் ஒரு மொழியுண்டு. ரோமாபுரியில் மார்க்கஸ் அரேலியஸ் மன்னன் காலம் தொட்டு, மேனாட்டாரிடையே ஒரு தலைவனுக்குச் செய்யக்கூடிய சிறப்புக்களுள் குதிரையே தலையாயது. சென்னையில் சர் தாமஸ் மன்றோவுக்குச் சான்ட்ரி வார்த்து 1839-இல் நிறுவப்பெற்ற சிலையும் அம்மொழியிற் பேசுவதே. சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரை என்று ஊரார் வேடிக்கையாகச் சுட்டுவது அச்சிலையையே. வேறொரு சொல் இல்லாமையால், போர்ப்படைக்குத் தெரிந்த சொற்களுள் மிகப் பெரியதையே மார்ஷல் தம் நண்பருக்கு எடுத்துரைத்தார் என்று கொள்ளலே பொருந்தும்.

குதிரையின் கால்களைக்கொண்டு வீரனின் முடிவை அறியலாம் என்று ஒரு கூற்று உலவுகின்றது. முன்கால் இரண்டும் தூக்கியிருந்தால் போரில் மாண்டவன். ஒன்று தூக்கியிருந்தால் புண்பட்டவன். நான்கும் ஊன்றியிருந்தால் வீட்டில் இறந்தவன் என்பர். இது சிற்பிகள் வகுத்த விதியன்று. வாஷிங்டனில் லஃபாயெட் சதுக்கத்தில், 1853-இல் கிளார்க் மில்ஸ் அமைத்த ஆண்ட்ரூ ஜாக்ஸன் சிலையில் குதிரை முன்கால் இரண்டையும் உயர்த்திப் பின்கால்களாலேயே நிற்கின்றது. ஜாக்ஸனோ 1845-இல் தம் வீட்டிலே மாண்டவர். உண்மையில், காலைத் தூக்குவதும் ஊன்றுவதும் வார்ப்புவேலையின் இடர்ப்பாட்டைச் சார்ந்தன. நம் சுவாமிமலை ஸ்தபதிகள் சிறு படிமங்களை உள்ளீடின்றிக் கனமாக வார்ப்பர். ஆளினும் பெரிய குதிரையை அங்ஙனம் வார்த்தால் நிறை தாங்காது. ஆகவே உடலை மெல்லிய சுவருடைய கூடாகப் பகுதி பகுதியாக வார்த்து ஒன்றுசேர்ப்பர். உள்ளே இரும்புச் சட்டம் செல்லும். அத்துணை நிறையும் நான்கு மெல்லிய கால்களின்வழியே இறங்கவேண்டும். ஒரு காலைத் தூக்கினால் மூன்று தாங்கவேண்டும். குதிரைச் சிலை செய்வோரின் திறமை முகத்தில் அன்று, கணுக்காலிலேயே சோதிக்கப்படும்.

டில்லின் சிலைக்கு வாய்த்த சிற்பி அச்சோதனையில் தேறியவர். ஹெர்பர்ட் ஹேஸல்டைன் 1877-இல் ரோமாபுரியிற் பிறந்த அமெரிக்கர், ஓவியரின் மகன், விலங்குகளை, அவற்றுள்ளும் குதிரையை வார்ப்பதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். கென்டக்கியில் உள்ள ‘மேன் ஓ வார்’ என்னும் புகழ்பெற்ற பந்தயக் குதிரையின் சிலை அவர் கைவேலை. நம் நாட்டில் நவநகர் சமஸ்தானத்து மன்னர்க்காக, அவ்வரசின் முதல்வராகிய ஜாம் ராவலுக்கும் அவர் குதிரைச் சிலை ஒன்று சமைத்தார். டில் சிலை முற்றுப்பெற்றுத் திறப்பு விழாவுக்கு 1950 நவம்பர் முதல் நாள் குறிக்கப்பட்டது. மார்ஷல் அப்பொழுது பாதுகாப்பு மந்திரி. குடியரசுத் தலைவர் ஹாரி ட்ரூமன் சிலையை ஏற்றுப் பேசுவதாக இருந்தது.

அன்று வெள்ளை மாளிகை பழுதுபார்க்கப்பட்டு வந்தமையால், ட்ரூமன் எதிரே, முற்கூறிய ஜாக்ஸன் சிலைக்கு மிக அண்மையில் உள்ள பிளேர் மாளிகையில் வசித்தார். நவம்பருக்குரிய குளிரின்றி வெயில் காய்ந்த நாள். ஆர்லிங்டனுக்குப் புறப்படுமுன் மாடியறையிற் சிறிது கண்ணயர்ந்தார். பிற்பகல் இரண்டேகால் மணிக்குச் சற்றுப் பின், போர்ட்டோரீகோத் தீவின் விடுதலையை வேண்டிய ஆஸ்கார் கொலாஸோ, கிரிஸேலியோ டொரெசோலா என்னும் இருவர் கைத்துப்பாக்கியுடன் மாளிகை வாயிலை நெருங்கினர். இரு நாட்களுக்கு முன்னரே அத்தீவில் கிளர்ச்சி மூண்டிருந்தது. ஒரு நிமிஷமும் நீடியாத சண்டையில் காவலர் மூவர் குண்டுபட்டனர். அவருள் லெஸ்லி காஃபெல்ட் என்பவர் உயிர் போகும் நிலையிலும் எழுந்து குறிவைத்து டொரெசோலாவைச் சுட்டு வீழ்த்தினார்; தாமும் அன்றே மாண்டார். ஓசை கேட்டு ட்ரூமன் சாளரத்தருகே வந்து எட்டிப் பார்க்க, உள்ளே போமாறு கீழிருந்த காவலர் கூவினர்.

விழாவை நிறுத்துவார் என்றே எவரும் எண்ணுவர். ட்ரூமன் உடையணிந்து, குறித்தபடி ஆர்லிங்டனுக்குச் சென்றார். டில்லின் சிலையருகே நின்று, எழுதிவைத்த உரையை நிகழ்த்தினார். இரு நாட்டார் ஒருவரையொருவர் நம்பி நின்றமைக்கு அடையாளமான சிலை, துப்பாக்கிப்புகை ஆறாத ஒரு நாளிலே திறக்கப்பட்டது. காஃபெல்டின் உடலும் பின்னர் அதே தோட்டத்தில் அடக்கஞ் செய்யப்பட்டது. கொலாஸோவுக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையை 1952-இல் ட்ரூமனே ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். அவர் 1979-இல் விடுதலை பெற்றார்.

மார்ஷல் 1959 அக்டோபரில் காலமானார். தம் உடலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டா, புகழுரை கூற வேண்டா, சேனையின் சாதாரண அதிகாரி ஒருவரைப்போல அடக்கஞ் செய்க என்று முன்னமே எழுதி வைத்திருந்தார். அவ்வண்ணமே செய்தனர். ஆர்லிங்டனில், டில்லின் குதிரையினின்று சிறிது தொலைவிலே, முதல் மனைவியும் அவர் தாயும் துயிலும் இடத்திலே அவர் கிடக்கின்றார். மேலே ஒரு கல் மட்டும் நிற்கின்றது.